அமெரிக்க அதிபர் தேர்தல்களில் நான் யாருக்கு ஓட்டு போட்டிருப்பேன்? ஒரு டாக்டரின் கணக்கு

நேத்து இன்பாக்ஸ்ல ஒரு தம்பி கேட்டார். "டாக்டர், நீங்க அமெரிக்காவுல பிறந்திருந்தா இதுவரைக்கும் நடந்த தேர்தல்கள்ல யாருக்கு ஓட்டு போட்டிருப்பீங்க?"

கேள்வி விளையாட்டா தெரியும். ஆனா யோசிக்க யோசிக்க பெரிய விசயம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

(1)

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். 1946க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்த ஒருத்தர் அமெரிக்கக் குடிமகனா ஆகறது ரொம்பக் கஷ்டம். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். குடியுரிமை கேட்டு வழக்குல நின்னார். 1923ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் "நீங்க வெள்ளையர் கிடையாது" என்ற அடிப்படையில் முடியாதுன்னு தீர்ப்பு கொடுத்தது. 1946ல லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் கதவு லேசா திறந்தது. அதுவும் வருசத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம்.

தென் மாகாணங்கள்ல கறுப்பின மக்கள் பெரும்பாலானோருக்கு 1965 வாக்குரிமைச் சட்டம் வரைக்கும் ஓட்டு ஏட்டில் மட்டும்தான். ஆக இந்த விளையாட்டை ஆடறதே ஒரு சலுகை. அதை ஞாபகத்துல வச்சுக்கிட்டு ஆடுவோம்.

(2)

எனக்கு நானே மூணு விதி போட்டுக்கறேன்.

ஒன்னு: ஓட்டுப்பதிவு நாளன்னிக்கு ஒரு சாதாரண வாக்காளருக்கு என்ன தெரிஞ்சிருக்குமோ அதை மட்டும் வச்சு முடிவு பண்ணணும். பின்னாடி வந்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு பேப்பர் எழுதக்கூடாது.

ரெண்டு: நான் ஓட்டு போடாதவர் நல்லது செஞ்சிருந்தா அதை மறைக்கக்கூடாது.

மூணு: டிவியில பார்த்து யாருக்கும் நோய் கண்டுபிடிக்கக்கூடாது. இது ஏன்னு 1964க்கு வரும்போது சொல்றேன்.

என் துறை மருத்துவம். அதனால மக்கள் உடம்புக்கு என்ன ஆச்சு என்ற கண்ணாடி வழியாத்தான் அதிகம் பார்ப்பேன். பொருளாதார நிபுணர் வேற மாதிரி பார்ப்பார். அது அவர் உரிமை.

(3) 1944: ரூஸ்வெல்ட் - டூயி

இரண்டாம் உலகப்போர் நடுவுல நடந்த தேர்தல். ரூஸ்வெல்ட் நாலாவது முறையா நிக்கறார். எதிர்ல நியூயார்க் கவர்னர் தாமஸ் டூயி, 42 வயசு.

1944 மார்ச்ல ஹோவர்ட் புரூவென் என்ற இளம் இதய நிபுணர் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதிக்கிறார். கடுமையான ரத்த அழுத்தம், வீங்கின இதயம், இதயச் செயலிழப்பு. டிஜிடாலிஸ் மாத்திரை ஆரம்பிக்கறாங்க. மக்கள்கிட்ட அதிபரின் தலைமை மருத்துவர் சொன்னது என்ன? "வயசுக்கு நல்லாத்தான் இருக்கார்." அக்டோபர்ல நியூயார்க் மழையில மணிக்கணக்கா திறந்த கார்ல ஊர்வலம் போய் தெம்பா இருக்கறதா காட்டினார்.

ஜெயிச்சார். பதவியேற்ற 82வது நாள், 1945 ஏப்ரல் 12, மூளை ரத்தக்கசிவுல இறந்துட்டார். துணை அதிபர் ட்ரூமன் அதிபரானார். அணுகுண்டு தயாராகிட்டு இருக்கு என்ற முழு விவரமே அவருக்கு அதுக்கப்புறம்தான் சொல்லப்பட்டது.

விதி ஒன்னுப்படி என் ஓட்டு ரூஸ்வெல்ட்டுக்குத்தான். போர் முடியற நேரத்துல ஆளை மாத்த மாட்டேன். ஆனா ஒரு டாக்டரா எனக்கு இதுல பயங்கர கோபம். ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகிட்ட எல்லாத்தையும் விளக்கித்தான் கையெழுத்து வாங்கணும். விளக்காம வாங்கின கையெழுத்து செல்லாது. 1944ல அமெரிக்க மக்கள்கிட்ட வாங்கினது அந்த மாதிரி கையெழுத்து.

(4) 1948: ட்ரூமன் - டூயி

ட்ரூமன் தோத்துடுவார்னு எல்லாரும் சொன்னாங்க. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை டூயி ஜெயிச்சதா தலைப்பே போட்டு அச்சடிச்சிடுச்சு. அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ட்ரூமன் சிரிக்கிற போட்டோ பார்த்திருப்பீங்க.

என் ஓட்டு ட்ரூமனுக்கு. ரெண்டு காரணம். 1945 நவம்பர்லயே எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேணும்னு நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினவர். 1948 ஜூலையில ராணுவத்துல நிறப்பாகுபாடு ஒழியணும்னு ஆணை போட்டவர். சொந்தக் கட்சியோட தென் மாகாண ஆளுங்க பிரிஞ்சு போய் தனி வேட்பாளரையே நிறுத்தினாங்க. பின்வாங்கல.

காப்பீட்டுத் திட்டம் என்ன ஆச்சு? தோத்துச்சு. முன்ன நின்னு தோற்கடிச்சது என் இனம்தான், டாக்டர்கள். அமெரிக்க மருத்துவர் சங்கம் விளம்பர நிறுவனத்தை அமர்த்தி, "இது சோசலிச மருத்துவம்"னு நாடு முழுக்க பிரச்சாரம் பண்ணிச்சு. சங்கம் சொல்றதெல்லாம் நோயாளி நலனுக்காகன்னு நம்பறவங்க இந்தக் கதையை ஒருதடவை படிக்கணும்.

(5) 1956: ஐசனோவர் - ஸ்டீவன்சன்

இங்க என் ஓட்டு குடியரசுக் கட்சிக்கு.

1955 செப்டம்பர் 24ல ஐசனோவருக்கு மாரடைப்பு. பங்குச் சந்தை ஆடிப்போச்சு. ரூஸ்வெல்ட் காலத்து மாதிரி மூடி மறைக்கல. பால் டட்லி ஒயிட் என்ற பெரிய இதய நிபுணர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மாரடைப்புன்னா என்ன, ரத்தக்குழாய் எப்படி அடைக்குதுன்னு பாடமே எடுத்தார். அதிபர் மலம் கழிச்சாரா என்பது வரைக்கும் அறிக்கையில வந்துச்சு! சிரிப்பா இருக்கலாம். ஆனா லட்சக்கணக்கான அமெரிக்கர்களுக்கு மாரடைப்பு பத்தின முதல் பாடம் அதுதான்.

அடுத்த வருசம் மக்கள் தெரிஞ்சே ஓட்டு போட்டாங்க. அவர் 1961 ஜனவரி வரைக்கும் பதவிக்காலத்தை முடிச்சார். நோய் இருக்கறது தகுதிக்குறைவு இல்ல. மறைக்கறதுதான் குத்தம்.

(6) 1960: கென்னடி - நிக்சன்

நாலே வருசத்துல பழைய குருடி கதவைத் திறடி.

கென்னடிக்கு அடிசன் நோய் இருந்தது. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாது. தினமும் ஸ்டீராய்டு எடுக்கணும். 1947லயே கண்டுபிடிச்சாச்சு. 1960ல கட்சிக்குள்ள போட்டியாளர் தரப்பு இதைக் கிளப்பினபோது, வார்த்தையைச் சுத்தி வளைச்சு, அப்படி ஒன்னும் இல்லன்னு கென்னடி தரப்பு மறுத்துச்சு. கடைசியில முதல் டிவி விவாதத்துல "ஆரோக்கியமா" தெரிஞ்சவர் கென்னடி. நோயாளி மாதிரி வெளுத்துப்போய் தெரிஞ்சவர், முழங்கால் தொற்றுக்கு ஆஸ்பத்திரியில படுத்து எழுந்து வந்த நிக்சன்!

கிட்டத்தட்ட 6 கோடியே 80 லட்சம் ஓட்டுல வித்தியாசம் ஒன்னேகால் லட்சம்கூட இல்ல.

அன்னிக்குத் தெரிஞ்சதை வச்சு என் ஓட்டு கென்னடிக்கு. முதியோர் மருத்துவக் காப்பீட்டை மேடையில வெளிப்படையா ஆதரிச்சார். அடிசன் நோய் தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன். சரியா மருந்து எடுத்தா அந்த நோயோட வேலை பார்க்க முடியும். அதை மக்கள்கிட்ட சொல்லியே ஓட்டு கேட்டிருக்கலாம்.

(7) 1964: ஜான்சன் - கோல்ட்வாட்டர்

ரொம்ப சுலபமான முடிவு. ஜூலையில ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்துல கையெழுத்து போடறார். கோல்ட்வாட்டர் அதை எதிர்த்து ஓட்டு போட்டவர். என் ஓட்டு ஜான்சனுக்கு.

இப்ப மூணாவது விதிக்கு வருவோம். அந்தத் தேர்தல் நேரத்துல 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பிச்சு: "கோல்ட்வாட்டர் அதிபராக மனரீதியா தகுதியானவரா?" 1,189 பேர் தகுதி இல்லன்னு பதில் போட்டாங்க. நேர்ல பார்க்காத ஒருத்தருக்கு மனநோய்ப் பட்டமே கட்டினவங்க உண்டு. கோல்ட்வாட்டர் வழக்கு போட்டு ஜெயிச்சார். 1973ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேர்ல பரிசோதிக்காத பொதுவாழ்க்கை ஆளுக்கு நோய்ப்பெயர் சொல்லக்கூடாதுன்னு விதி கொண்டு வந்துச்சு. அதுக்குப் பேரே கோல்ட்வாட்டர் விதி.

நானும் கோல்ட்வாட்டருக்கு எதிராத்தான் ஓட்டு போடுவேன். ஆனா அந்த 1,189 பேர்ல ஒருத்தரா இருக்க மாட்டேன். அவர் கொள்கை பிடிக்கலன்னா கொள்கையைத் திட்டணும். நம்ம டிகிரியைக் கல்லா எடுத்து எறியக்கூடாது.

(8) அதே 1964, ரிசல்ட்

அந்த ஓட்டுக்கு என்ன கிடைச்சது பாருங்க.

1965 ஜூலை 30: மெடிகேர் சட்டம். 65 வயசு தாண்டினவங்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு. ஜான்சன் மிசௌரியில ட்ரூமன் ஊருக்கே போய் அவர் பக்கத்துல உக்கார்ந்து கையெழுத்து போட்டு, முதல் அட்டையை ட்ரூமனுக்கே கொடுத்தார். 20 வருசம் கழிச்சு. அதோட, நிறம் பார்த்து வார்டு பிரிக்கிற ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாதுன்னு அரசு சொன்னதும், காலங்காலமா இருந்த பிரிவினை ரொம்ப வேகமா உடைஞ்சது.

1965 அக்டோபர்: புதிய குடியேற்றச் சட்டம். நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிஞ்சது. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகள்ல படிச்ச நம்ம சீனியர்கள் அமெரிக்கா போய் வேலை பார்த்த பாதை அதுக்கப்புறம்தான் திறந்துச்சு.

அதே ஓட்டுக்குக் கிடைச்ச இன்னொன்னு: வியட்நாம். தேர்தல்ல சமாதான வேட்பாளரா நின்னவர் அடுத்த வருசமே படையைக் குவிச்சார். அந்தப் போர்ல 58 ஆயிரம் அமெரிக்கர்கள் செத்தாங்க. வியட்நாம் மக்கள் சாவு பல லட்சம்.

ஒரே சீட்டுல ரெண்டு மருந்து. ஒன்னு உயிர் காத்துச்சு, ஒன்னு உயிர் எடுத்துச்சு.

(9) 1972: நிக்சன் - மெக்கவர்ன்

இங்க விதி ரெண்டு வேலை செய்யணும்.

1960கள்ல டயாலிசிஸ் மெசின் குறைவு, செலவு அதிகம். சியாட்டில்ல ஒரு கமிட்டி உக்கார்ந்து யாருக்கு டயாலிசிஸ், யாருக்குச் சாவுன்னு முடிவு பண்ணிச்சு. கல்யாணம் ஆனவரா, சம்பாதிக்கிறவரா, சர்ச்சுக்குப் போறவரா என்பதெல்லாம் பேசப்பட்டுச்சு. 1972 அக்டோபர் 30, தேர்தலுக்கு எட்டு நாள் முன்னாடி நிக்சன் கையெழுத்து போட்ட சட்டம், கிட்னி செயலிழந்த பெரும்பாலானவங்களை வயசு பார்க்காம மெடிகேர்ல சேர்த்துச்சு. சுத்தமான காற்றுச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1971 புற்றுநோய்ச் சட்டம், எல்லாம் நிக்சன் காலம்தான்.

இருந்தும் என் ஓட்டு மெக்கவர்னுக்கு. 1971ல கிழக்கு பாகிஸ்தான்ல ராணுவம் மக்களைக் கொன்னு குவிச்சபோது நிக்சன் யாகியா கான் பக்கம் நின்னார். டாக்காவுல இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளே எதிர்ப்பு தெரிவிச்சு தந்தி அனுப்பினாங்க. அந்த டிசம்பர்லயே ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் ரகசிய ஆவணங்களை வெளியிட்டுட்டார். ஆக வாக்காளருக்கு இது தெரிஞ்ச விசயம். ஒரு கோடி அகதிகள் இந்தியா வந்தாங்க. முகாம்கள்ல காலரா. பங்கான் முகாம்ல டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்ல கரைச்சுக் கொடுத்துத்தான் சாவைக் குறைச்சார். இன்னிக்கு நாம வீட்டுல குழந்தைக்குக் கொடுக்கிற ஓஆர்எஸ்ஸோட பெருமை அந்த முகாம்லதான் உலகத்துக்குத் தெரிஞ்சது.

இன்னொரு வருத்தம். மெக்கவர்ன் தன் துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்னு தெரிஞ்சதும் அவரை விலக்கிட்டார். அதே ஈகிள்டன் அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை செனட்டுக்கு ஜெயிச்சு 1987 வரைக்கும் வேலை பார்த்தார். மனச்சோர்வு வந்தவர் அவ்வளவுதான்னு நினைக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

(10) 1976: ஃபோர்டு - கார்ட்டர்

பலருக்கு ஆச்சரியமா இருக்கும். என் ஓட்டு ஃபோர்டுக்கு.

பிப்ரவரியில ஒரு ராணுவ முகாம்ல புது வகை பன்றிக்காய்ச்சல். ஒரு இளம் சிப்பாய் சாவு. 1918 கொள்ளைநோய் திரும்ப வருதோன்னு நிபுணர்களுக்குப் பயம். ஃபோர்டு, சால்க்கையும் சேபினையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நாடு முழுக்கத் தடுப்பூசின்னு அறிவிச்சார். 4 கோடிக்கும் மேல போட்டாங்க. கொள்ளைநோய் வரவே இல்ல. ஊசி போட்டவங்கள்ல லட்சத்துக்கு ஒருத்தர் அளவுல கூடுதலா கியான்-பார்ரே நரம்புநோய் வந்துச்சு. டிசம்பர்ல திட்டத்தை நிறுத்திட்டாங்க. ஃபோர்டு அதுக்குள்ள தோத்துட்டார்.

எல்லாரும் இதைப் படுதோல்வின்னு சொல்வாங்க. நான் அப்படிப் பார்க்கல. முடிவு சரியா தப்பான்னு பார்க்கறது வேற, பலன் நல்லதா கெட்டதான்னு பார்க்கறது வேற. நெஞ்சுவலியோட வந்தவரை ஐசியூவுல வைக்கிறோம். கடைசியில வாயுத்தொல்லைன்னு தெரியுது. அட்மிட் பண்ணினது தப்பா? நிபுணர் சொன்னதைக் கேட்டு, தேர்தல் வருசத்துல, பெயர் கெடும்னு தெரிஞ்சும் முடிவெடுத்த ஒருத்தர் எனக்கு வேணும். நிக்சனுக்குக் கொடுத்த மன்னிப்பு உறுத்தத்தான் செய்யும். இருந்தாலும் ஃபோர்டு.

(11) 1980, 1984: ரீகன்

1980ல கார்ட்டர். 1984ல மாண்டேல். ரெண்டும் தோத்த ஓட்டு.

1961ல டாக்டர் சங்கத்துக்காக, முதியோர் காப்பீட்டை எதிர்த்து இசைத்தட்டுல பேசிக் கொடுத்தவர் ரீகன். அது 1980ல ரகசியம் இல்ல. கார்ட்டர் அந்த அக்டோபர்ல கையெழுத்து போட்ட மனநல மருத்துவச் சட்டத்தின் பெரும்பகுதி அடுத்த வருசமே ரத்தாச்சு. விலைவாசி, ஈரான் பணயக்கைதிகள், இதையெல்லாம் பார்த்து மக்கள் ரீகனுக்குப் போட்டதைப் புரிஞ்சுக்க முடியுது.

1984ல புரிஞ்சுக்கக் கஷ்டம். 1981 ஜூன்ல எய்ட்ஸ் பத்தின முதல் அறிக்கை. 1984 முடிவுல அமெரிக்காவுல 7 ஆயிரத்துக்கும் மேல நோயாளிகள். அதிபர் வாயிலிருந்து அதைப்பத்திப் பொதுவெளியில பேச்சில்ல. வெள்ளை மாளிகை செய்தியாளர் கூட்டத்துல எய்ட்ஸ் கேள்வி வந்தப்போ சிரிப்புச் சத்தம். செத்தவங்க பெரும்பாலும் ஓரினச்சேர்க்கையாளர்கள். அதனால சிரிக்க முடிஞ்சது.

விதி ரெண்டு: ரீகனே நியமிச்ச தலைமை அறுவை மருத்துவர் எவரெட் கூப், ரொம்பப் பழமைவாதி. ஆனா 1986ல ஆணுறை பத்தி, பாலியல் கல்வி பத்தி ஒளிவுமறைவு இல்லாத அறிக்கை வெளியிட்டார். 1988ல வீடு வீடாத் துண்டுப்பிரசுரம் அனுப்பினார். நம்பிக்கையை வீட்டுல வச்சுட்டு ஆதாரத்தோட ஆபீஸ் வந்த டாக்டர்.

அதே 1986லதான் சென்னை மருத்துவக் கல்லூரியில சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடிச்சாங்க.

(12) 2000, 2004: புஷ்

என்னைத் தூங்கவிடாத தேர்தல் இதுதான்.

2000ல என் ஓட்டு அல் கோருக்கு. நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும், ஃப்ளோரிடாவுல 537 ஓட்டுல, உச்ச நீதிமன்றத்தோட 5-4 தீர்ப்புல தோத்தார்.

2003 ஜனவரி 28. புஷ் நாடாளுமன்றத்துல பேசறார். ஒரே உரையில ரெண்டு விசயம். ஒன்னு, சதாம் உசேன் ஆப்பிரிக்காவுலேர்ந்து யுரேனியம் வாங்கப் பார்த்தார் என்ற, பின்னாடி ஆதாரமில்லன்னு ஆன குற்றச்சாட்டு. ரெண்டு மாசத்துல ஈராக் போர். இன்னொன்னு, எய்ட்ஸுக்கு 5 வருசத்துல 1,500 கோடி டாலர். அதுதான் பெப்ஃபார் திட்டம். இதுவரைக்கும் 2 கோடியே 50 லட்சம் உயிரைக் காப்பாத்தினதா அமெரிக்க அரசின் கணக்கு.

ஒரு காலத்துல எச்ஐவி கூட்டுமருந்து ஒருத்தருக்கு வருசத்துக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல. 2001ல இந்தியாவோட சிப்லா 350 டாலருக்குத் தர்றோம்னு சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது. பின்னாடி பெப்ஃபார் வாங்கின மருந்துகள்ல பெரும்பகுதி இந்திய ஜெனரிக் மாத்திரைகள். புஷ் பணமும் இந்திய மாத்திரையும் சேர்ந்துதான் ஆப்பிரிக்காவுல அந்தக் குழந்தைகளுக்கு அம்மா மிஞ்சினாங்க.

அல் கோர் ஜெயிச்சிருந்தா ஈராக் போர் வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். பெப்ஃபார் வந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. 2004ல இது ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கு. ஆயுதம் இருக்குன்னு சொல்லிப் போன இடத்துல ஆயுதமே இல்ல. பொய்க் காரணத்துல போர் தொடங்கினவருக்கு, எவ்வளவு பெரிய நல்லது செஞ்சாலும், நான் மறுபடி கையெழுத்து போட மாட்டேன். என் ஓட்டு கெர்ரிக்கு. ஆனா ஆப்பிரிக்காவுல ஒரு எச்ஐவி நோயாளி "நான் புஷ்ஷுக்குத்தான் போட்டிருப்பேன்"னு சொன்னா, அவர்கிட்ட வாதாட என்கிட்ட வார்த்தை இல்ல.

(13) 2008, 2012: ஒபாமா

ரெண்டு தடவையும் ஒபாமா. 2010 மார்ச்ல வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். சுமார் 2 கோடி பேருக்குப் புதுசா காப்பீடு கிடைச்சது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, கேன்சர் இருந்துச்சுன்னு சொல்லி இன்சூரன்ஸ் மறுக்கிற பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி.

ஒரு வேடிக்கை. அந்தச் சட்டத்துக்கு முன்மாதிரி, 2006ல மாசசூசெட்ஸ் கவர்னரா ராம்னி கொண்டு வந்த சட்டம். 2012ல அதே ராம்னி ஒபாமா சட்டத்தை ரத்து பண்ணுவேன்னு சொல்லி நின்னார்! அப்பா தன் குழந்தையவே தெரியாதுன்னு சொன்ன கதை.

இன்னொன்னு வேடிக்கை இல்ல. 2008ல ஒபாமாகிட்ட தோத்த மெக்கெய்ன், 2017 ஜூலையில மூளைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட சில நாள்லயே செனட்டுக்கு வந்து, நடுராத்திரி தாண்டி, கட்டைவிரலைக் கீழே காட்டி அந்தச் சட்டத்தைக் காப்பாத்தினார். எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் ஓட்டு அது.

(14) 2016, 2020: டிரம்ப் வந்த கதை

2016ல என் ஓட்டு ஹிலாரிக்கு. 28 லட்சத்துக்கும் மேல அதிக ஓட்டு வாங்கியும் தோத்தார். டிரம்ப்புக்குப் போட்டவங்களை முட்டாள்னு திட்டறவங்ககிட்ட ஒன்னு சொல்றேன். 2015ல ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வு, நடுத்தர வயசு வெள்ளை அமெரிக்கர்கள்ல சாவு கூடிட்டு வர்றதைக் காட்டிச்சு. வலிமாத்திரை போதை, குடி, தற்கொலை. தொழிற்சாலை மூடின ஊர்கள். அந்த ஊர்ல வலி நிஜம். கோபமும் நிஜம். மருந்து தப்புங்கறதுதான் என் கருத்து. ஆனா "உனக்கு வலியே இல்ல"ன்னு சொல்ற டாக்டர்கிட்ட எந்த நோயாளியும் திரும்ப வர மாட்டார்.

2020ல பைடன். 2 லட்சத்துக்கும் மேல கோவிட் சாவு. 208 வருசப் பாரம்பரியத்துல இல்லாத வழக்கமா, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர்கள் இந்தத் தலைமையை மாத்தணும்னு தலையங்கமே எழுதினாங்க. விதி ரெண்டு: தடுப்பூசியை வேகப்படுத்தின 'ஆபரேஷன் வார்ப் ஸ்பீடு' டிரம்ப் அரசோடது, நல்ல திட்டம். ஃபைசர் ரிசல்ட் தேர்தல் முடிஞ்ச ஆறாவது நாள் வந்துச்சு. அந்த ஊசியைத் தன் சாதனையா மார்தட்டிக்க முழு உரிமை இருந்த கட்சிதான் பின்னாடி ஊசி எதிர்ப்பாளர்களுக்கு வீடானது. இதைவிட வருத்தம் என்ன இருக்கு?

(15) 2024: டிரம்ப் - ஹாரிஸ்

ஜூன் 27 விவாதத்துல பைடனைப் பார்த்து உலகமே அதிர்ந்துச்சு. அவருக்கு என்ன நோய்னு நான் சொல்ல மாட்டேன், விதி மூணு. ஆனா கூட இருந்தவங்களுக்கு நிலைமை முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல? 80 வருசம் கழிச்சும் 1944தான். ஜூலை 21 விலகினார். வாக்காளர் கையில ரிப்போர்ட் லேட்டா வந்துச்சு.

கமலா ஹாரிஸ் அம்மா சியாமளா கோபாலன், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். தாத்தா ஊர் துளசேந்திரபுரம். நம்ம ஊர்ல பேனர் வச்சாங்க, பூசை பண்ணாங்க. சந்தோசப்படலாம். ஆனா ஊர்ப்பாசம் ஓட்டுக்குக் காரணம் ஆகாது.

என் ஓட்டு ஹாரிஸுக்குத்தான், காரணம் வேற. தடுப்பூசிகள் மேல வருசக்கணக்கா சந்தேகம் கிளப்பின ராபர்ட் கென்னடி ஜூனியர் கையில சுகாதாரத்துறை போகும்னு தேர்தலுக்கு முன்னாடியே தெரிஞ்சது. போச்சு. 2025 ஜனவரி 20, பதவியேற்ற நாளே உலக சுகாதார நிறுவனத்துலேர்ந்து விலகல் ஆணை, வெளிநாட்டு உதவி நிறுத்தம். பெப்ஃபார் கிளினிக்குகள்ல மருந்து வாங்க வந்தவங்க பூட்டின கதவைப் பார்த்தாங்க. குடியரசுக் கட்சி அதிபர் ஒருத்தர் கட்டினதை, அதே கட்சி அதிபர் இடிச்சார். எச்ஐவி மாத்திரையை நிறுத்தினா வைரஸ் சில வாரத்துல திரும்பி வரும். அதுக்கு அரசியல் தெரியாது.

(16) ஆக, கணக்கு

1952, 68, 88, 92, 96, இந்த அஞ்சையும் நீளம் கருதி விட்டுட்டேன். மிச்சம் 16 தேர்தல். ஜனநாயகக் கட்சிக்கு 14, குடியரசுக் கட்சிக்கு 2. நான் போட்டவர் ஜெயிச்சது 8, தோத்தது 8.

நான் போட்டு ஜெயிச்சவர் வியட்நாம் கொடுத்தார். நான் போடாம ஜெயிச்சவர் டயாலிசிஸ் கொடுத்தார். நான் ரெண்டு தடவை மறுத்தவர் 2 கோடியே 50 லட்சம் உயிர் கொடுத்தார்.

அப்போ ஓட்டுக்கு மரியாதையே இல்லையா? இருக்கு. ஓட்டு ஒரு மருந்துச்சீட்டு. அன்னிக்குத் தெரிஞ்சதை வச்சு, சிறந்ததுன்னு நினைக்கிறதை எழுதறோம். எழுதிக் கொடுத்ததோட டாக்டர் வேலை முடியாது. ஃபாலோ-அப் பார்க்கணும். பக்கவிளைவு வந்தா நம்ம சீட்டுதானேன்னு மூடி மறைக்கக்கூடாது. அடுத்த டாக்டர் கொடுத்த மருந்து வேலை செஞ்சா ஒத்துக்கணும். அது அரசியல்லயும் பொருந்தும். நாம போட்டவர்னா எல்லாத்துக்கும் முட்டுக்கொடுக்கறது, போடாதவர்னா டயாலிசிஸ் மெசினையும் திட்டறது, ரெண்டும் மூடநம்பிக்கை.

இன்னொரு முக்கியமான விசயம். சீட்டு எழுதறவருக்கு ரிப்போர்ட் வேணும். ரூஸ்வெல்ட், கென்னடி, பைடன், மூணு பேர் விசயத்துலயும் மக்களுக்கு ரிப்போர்ட் மறைக்கப்பட்டுச்சு, இல்ல தாமதமாச்சு. தலைவரோட உடல்நிலை தனிப்பட்ட விசயம்தான், அணுகுண்டு பொத்தான் அவர் கையில இல்லாத வரைக்கும்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். அடுத்த தடவை ஓட்டு போடப் போறதுக்கு முந்தின ராத்திரி, ஏன் இவருக்குப் போடறேன், இவர் என்ன செய்வார்னு எதிர்பார்க்கறேன்னு ஒரு தாள்ல நாலு வரி எழுதி பீரோல வைங்க. அஞ்சு வருசம் கழிச்சு எடுத்துப் படிங்க. யாருகிட்டயும் காட்ட வேணாம்.

நீங்க இந்த 16ல எங்கெல்லாம் மாத்திப் போட்டிருப்பீங்க? காரணத்தோட எழுதுங்க. திட்டறதா இருந்தாலும் காரணத்தோட திட்டுங்க, படிக்கிறேன்.